மணி அடித்தால் கை கழுவப் போய்விடுவேன்

எனக்கு அப்போது 23 வயது. ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. வேலை நன்றாகப் பிடிபட்டிருந்தது. ஸ்லைடில் செல்களை எண்ணும்போது சந்தேகம் வந்தால் மூத்தவர்களே என்னைக் கூப்பிட்டு இன்னொரு தடவை பார்க்கச் சொல்வார்கள். ஆனால் மேசைமேல் இருந்த போன் அடித்தால் போதும், கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கை கழுவப் போய்விடுவேன். மணி நிற்கும்வரை சோப்பு போட்டுக்கொண்டே இருப்பேன். பரிசோதனைக் கூடத்தில் எத்தனை முறை கை கழுவினாலும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அழைப்பவர்களில் பாதிப் பேர் ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள் என்பதுதான் காரணம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் மட்டும் இருந்தேன். போன் விடாமல் அடித்தது. எடுத்தேன். ஒரு டாக்டர், வேகமான ஆங்கிலம். 'பிளேட்லெட்' (ரத்தம் உறைய உதவும் தட்டணு) என்ற சொல் காதில் விழுந்தது, 'அர்ஜென்ட்' விழுந்தது. நடுவில் இருந்த எதுவும் விழவில்லை. "லைன் நாட் கிளியர் சார்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். லைன் தெளிவாகத்தான் இருந்தது. மறுபடி அடித்தது. எடுக்கவில்லை.

40 நிமிடம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் மூச்சிரைக்க வந்து ஒரு சீட்டை நீட்டினார். காலையில் வந்த சாம்பிளின் பிளேட்லெட் எண்ணிக்கை வேண்டுமாம். அந்த எண்ணைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டதே நான்தான். போன் அடித்தபோது அந்தத் தாள் என் முழங்கைக்குக் கீழேதான் இருந்தது. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் ஒருவர் 40 நிமிடம் காத்திருந்திருக்கிறார், என்னால். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

மறுநாள் கூட வேலை பார்த்த அக்காவிடம் அழுதுகொண்டே சொன்னேன். அவர் திட்டவில்லை. "என்ன கேட்டாங்கன்னு புரியலைன்னா, புரியலைன்னு சொல்லியிருக்கலாமேம்மா?" என்றார். அந்தக் கேள்வி எனக்குள் பல நாள் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டருக்கான பதில் எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் 12 வருஷம் ஆங்கிலப் பாடம் படித்திருக்கிறேன். எனக்கு இல்லாமல் போனது ஒரே ஒரு வாக்கியம்: மறுபடி சொல்லுங்கள் என்பது. அந்த ஒரு வாக்கியம் இல்லாததால் 12 வருஷப் படிப்பும் அந்த நேரத்தில் உதவவில்லை.

இதை எழுதும்போது எனக்கு 26 வயது. ஆங்கில வகுப்பு எதற்கும் போகவில்லை, வேலைக்கு நடுவில் நானாகவே படித்தேன். இன்றைக்கும் தடுமாறுகிறேன். போன் அடித்தால் இப்போது எடுக்கிறேன். இந்த இரண்டரை வருஷத்தில் எது என்னைத் தாங்கிப் பிடித்தது, எது என்னைக் கீழே இழுத்தது என்பதைச் சொல்கிறேன். அதே குழாயடியில் இப்போது நின்றுகொண்டிருக்கும் யாருக்காவது உதவும்.

முதலில் என்னைக் கீழே இழுத்ததைச் சொல்லிவிடுகிறேன். '30 நாளில்' என்று அட்டையிலேயே போட்டிருந்த ஒரு வழிகாட்டி நூலை மூன்று தடவை ஆரம்பித்தேன். மூன்று தடவையும் 11ஆம் நாளோ 12ஆம் நாளோ நின்றுபோனது. ஒவ்வொரு தடவையும் என்னைப் பற்றி நானே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டேன்: உனக்கு மொழி வராது. அந்தத் தீர்ப்பை உடைத்தது ஒரு எளிய கணக்கு.

ஐரோப்பியக் கவுன்சில் 2001இல் மொழித்திறனுக்கு ஆறு படிகள் வகுத்து வெளியிட்டது. ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2. ஒவ்வொரு படிக்கும் உத்தேசமாக எத்தனை மணி நேரப் படிப்பு வேண்டும் என்று கேம்பிரிட்ஜ் ஆங்கிலத் தேர்வுகளை நடத்துபவர்கள் ஒரு கணக்குத் தருகிறார்கள். அடிப்படையிலிருந்து எண்ணினால் ஏ2க்கு 180 முதல் 200 மணி நேரம், பி1க்கு 350 முதல் 400, பி2க்கு 500 முதல் 600. அதுவும் ஆசிரியர் துணையோடு. பேசுவதில் நான் ஏ2வில் நின்றேன் என்று வைத்துக்கொண்டால், அன்றாட விஷயங்களைச் சமாளிக்கும் பி1க்குப் போக ஏறக்குறைய 200 மணி நேரம். தினமும் அரை மணி ஒதுக்கினால் ஒரு வருஷத்தில் 180 மணி நேரம் சேரும். ஆக, ஒரு வருஷத்து வேலையை 30 நாளில் முடிக்கவில்லை என்றுதான் என்னை நானே முட்டாள் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தக் காகிதத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நோட்டின் முதல் பக்கத்தில் 200 கட்டங்கள் போட்டேன். ஒரு மணி நேரம் சேர்ந்தால் ஒரு கட்டம். கட்டம் நிரம்புவது மட்டும்தான் என் பொறுப்பு. 'எப்போது சரளமாக வரும்' என்று என்னை நானே கேட்பதை நிறுத்தினேன்.

எங்கே தடுக்கிறது என்று கவனித்தபோது இன்னொன்று தெரிந்தது. எனக்கு ஏறக்குறைய எப்போதும் ஒரே இடத்தில்தான் தடுத்தது. 'ஐ' என்று ஆரம்பிப்பேன், நின்றுவிடுவேன். 'ஷி' என்பேன், நின்றுவிடுவேன். தமிழில் "நான் நேத்து சாயங்காலம் அந்த சாம்பிளை டாக்டர் சொன்ன மாதிரி..." என்று நிதானமாகப் போய்க்கொண்டே இருக்கலாம். அனுப்பினேனா, வைத்தேனா, மறந்தேனா என்பதைக் கடைசியில் முடிவு செய்துகொள்ளலாம். வாய் பேசிக்கொண்டிருக்கும்போதே மனசுக்கு அவகாசம் கிடைக்கிறது. ஆங்கிலத்தில் அந்த அவகாசம் இல்லை. எழுவாயைச் சொல்லி முடித்த கையோடு வினையைக் கொடுத்தாக வேண்டும். நான் 'ஐ' சொல்லிவிட்டுத் தமிழ்ப் பழக்கத்தில் வினையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நின்றேன். எதிரே இருப்பவர் என் மூளை காலி என்று நினைத்தார். நானும் அப்படியே நினைத்தேன்.

'ஆங்கிலத்திலேயே யோசி' என்று எல்லோரும் சொல்வார்கள். என் அனுபவத்தில் ஆரம்பத்தில் அது கெடுதல்தான் செய்தது. யோசிக்கவே சொல் இல்லாதபோது அப்படி யோசித்தால் யோசனையே நின்றுபோகிறது. நான் தமிழில்தான் யோசித்தேன். ஆனால் வாயைத் திறக்கும் முன் ஒன்றை மட்டும் கையில் எடுத்துக்கொண்டேன்: வினை. யார் என்பதும் என்ன செய்தார் என்பதும் தயாராக இருந்தால் போதும், மற்றது பின்னால் ஒட்டிக்கொள்ளும்.

இதற்கு எனக்கு உதவியவர் சார்ல்ஸ் கே ஆக்டன் என்ற ஆங்கிலேய அறிஞர். 1930இல் 'பேசிக் இங்கிலிஷ்' என்று ஒரு சிறிய ஆங்கிலத்தை அவர் வகுத்தார். மொத்தம் 850 சொற்கள். அதில் வினைகள் 18தான்: கம், கெட், கிவ், கோ, கீப், லெட், மேக், புட், சீம், டேக், பி, டூ, ஹேவ், சே, சீ, சென்ட், மே, வில். முழு ஆங்கிலத்துக்கும் இது ஈடாகாது என்பது உண்மை. ஆனால் தவித்து நிற்பவளுக்கு 18 என்பது ஒரு கைப்பிடி. பெரிய வினைகளைத் தேடி அலைந்ததை விட்டுவிட்டு இந்தப் பதினெட்டில் எது ஒத்துவரும் என்று மட்டும் பார்த்தேன். சாம்பிளில் செல்கள் சிதைந்துவிட்டன, இன்னொன்று வேண்டும் என்று சொல்ல முன்பு என்னென்னவோ தேடுவேன். இப்போது 'ப்ளீஸ் சென்ட் அ நியூ சாம்பிள்'. முடிந்தது. 'ஐ ஹேவ் டு...', 'ஐ வில் கெட்...', 'கேன் யூ கிவ் மீ...', 'லெட் மீ சீ...' என்று வாக்கியத் தொடக்கங்களை மட்டும் ஒரு 40 எழுதி, நடந்துபோகும்போது முணுமுணுப்பேன். வாக்கியத்தை முடிக்க மாட்டேன். தொடக்கம் மட்டும். முடிவு தானாக வந்துவிடும் என்று இரண்டு மாதத்தில் தெரிந்தது.

உச்சரிப்பு விஷயத்தில் எனக்கு ஒரு காயம் உண்டு. ஒரு பயிற்சி வகுப்பில் நான் 'இஸ்லைடு' என்று சொன்னதை ஒருவர் அப்படியே திருப்பிச் சொல்லிச் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் அந்தச் சொல்லைத் தவிர்த்து 'கண்ணாடி' என்றே சொல்லி வந்தேன். வெகுநாள் கழித்துத்தான், பள்ளியில் படித்த தமிழ் இலக்கணமே இதற்குப் பதில் வைத்திருந்தது என்று புரிந்தது. தமிழ்ச் சொல் இரண்டு மெய்யெழுத்தோடு தொடங்காது. அதனால் நாக்கு முன்னால் ஓர் இகரத்தைப் போட்டுக்கொள்கிறது. தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது. அதனால் காடு, பாக்கு, காற்று என்று நமக்குக் குற்றியலுகரம். அதே பழக்கத்தில்தான் 'புக்' 'புக்கு' ஆகிறது, 'ரிப்போர்ட்' 'ரிப்போர்ட்டு' ஆகிறது. அன்றைக்கு என் நாக்கு பிழை செய்யவில்லை. தனக்குத் தெரிந்த இலக்கணத்துக்குக் கட்டுப்பட்டு நடந்தது. இதை யாராவது பதினைந்து வயதில் எனக்குச் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

காரணம் தெரிந்ததும் வெட்கம் போய்விட்டது, சரிசெய்வதும் எளிதானது. 'ஸ்' என்ற ஓசையை மட்டும் பாம்பு சீறுவதுபோல நீளமாக இழுத்து, அந்தச் சீறலிலிருந்தே 'லைட்' என்று இறங்கினேன். நீளமாக இழுக்கும்போது முன்னால் இகரம் வர இடமில்லை. சொல் முடிவில் 'ட்' வந்தால் நாக்கை மேலேயே ஒட்டவைத்து நிறுத்திவிட்டேன். உகரம் வர வாய்ப்பே இல்லை. இரண்டு வாரத்தில் பழகிவிட்டது.

இதோடு இன்னொரு பழக்கத்தையும் விட்டேன். ஆங்கிலச் சொல்லின் உச்சரிப்பை நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதி வைப்பேன். பையைக் குறிக்கும் 'பேக்', பின்பக்கத்தைக் குறிக்கும் 'பேக்' இரண்டும் தமிழில் ஒரே மாதிரிதான் எழுத வரும். எழுத்து அப்படி இருந்தால் காதும் ஒன்றாகவே கேட்கத் தொடங்கிவிடுகிறது. ஆங்கிலக் காது அவற்றைப் பிரித்துக் கேட்பதற்கு ஒரு தந்திரம் இருக்கிறது: பையில் வரும் உயிரொலி சற்று நீளம், பின்பக்கத்தில் வருவது சட்டென்று வெட்டுப்படும். கடைசி மெய்யோடு மல்லுக்கட்டுவதைவிட இந்த நீளத்தைச் சரிசெய்வது சுலபம். இப்போது சொல்லை எழுதி, பக்கத்தில் எந்த அசை அழுத்தமாக வருகிறது என்று ஒரு கோடு மட்டும் போடுகிறேன். எங்கள் வேலையில் நாள் முழுக்கப் புழங்கும் 'ரெக்கார்ட்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பதிவேடு என்றால் முதல் அசையில் அழுத்தம், பதிவு செய் என்றால் இரண்டாம் அசையில் அழுத்தம். ஓசை கொஞ்சம் தமிழாக இருந்தாலும் கேட்பவர் பொறுத்துக்கொள்வார். அழுத்தம் இடம் மாறினால் அவருக்குச் சொல்லே புரியாமல் போகிறது.

எழுத்துக்கூட்டல் வராததற்காகவும் நான் என்னை நிறைய நொந்துகொண்டிருக்கிறேன். கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல்லில் ஒலிக்காத 'பி' எதற்கு? லத்தீன் மூலச்சொல்லில் 'பி' இருந்தது என்பதற்காகப் படித்தவர்கள் பிற்காலத்தில் கொண்டுவந்து சேர்த்தது அது. தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்' சொல்லில் இருக்கும் 'எஸ்', லத்தீன் சொல் ஒன்றோடு தவறாக உறவு கற்பித்ததால் வந்தது. வில்லியம் காக்ஸ்டன் 1476இல் இங்கிலாந்துக்கு அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்தார். அச்சில் எழுத்துக்கள் மெல்ல மெல்ல உறைந்துவிட்டன, வாயில் உயிரொலிகளோ தொடர்ந்து மாறிக்கொண்டே போயின. அந்த இடைவெளியில்தான் நாம் எல்லோரும் தடுக்கி விழுகிறோம், ஆங்கிலேயக் குழந்தைகள் உட்பட. அதனால் எழுத்துக்கூட்டலைப் பற்றி இதற்குமேல் நான் கவலைப்படுவதில்லை. அகராதி பார்க்கிறேன், எழுதுகிறேன்.

இப்போது எனக்கு மிகவும் உதவிய விஷயத்துக்கு வருகிறேன்.

ரத்தம் கொடுக்க வந்த ஒருவர் காத்திருக்கும் இடத்தில் உட்கார்ந்து போனில் யாருக்கோ ஒரு முன்பதிவு எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தார். எண்ணுக்கு நடுவே எழுத்து வரும்போதெல்லாம் 'ஆல்ஃபா, நவம்பர், டேங்கோ' என்றார். என்னவென்று கேட்டேன். விமானப் போக்குவரத்தில் புழங்கும் எழுத்துச் சொற்கள் என்றார். வீட்டுக்குப் போய்த் தேடிப் படித்தேன். 'பி'யும் 'டி'யும், 'எம்'மும் 'என்'னும் வானொலியில் ஒரே மாதிரி கேட்பதால் 26 எழுத்துக்கும் ஒவ்வொரு சொல் வைத்திருக்கிறார்கள். பல நாட்டுக்காரர்கள் வாயிலும் காதிலும் சோதித்துப் பார்த்துத்தான் சொற்களைத் தேர்ந்தெடுத்தார்கள். இன்றைக்கு இருக்கும் பட்டியல் 1956இல் நடைமுறைக்கு வந்தது. எண்களுக்கும் இப்படியே. 'ஃபைவ்' என்பதை 'ஃபைஃப்' என்று சொல்ல வேண்டும், 'நைன்' என்பதை 'நைனர்' என்று. மூன்றை 'ட்ரீ' என்றே சொல்லச் சொல்கிறது அந்த விதி. நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்லும் அந்த ஓசைக்காக நான் எத்தனை நாள் கண்ணாடி முன்னால் நின்றிருக்கிறேன்! பல நூறு பேரைச் சுமந்து பறப்பவர்களே தெளிவுக்காக அதை விட்டுவிட்டார்கள்.

அதைவிட என்னைத் தொட்டது இன்னொரு விதி. கட்டுப்பாட்டு அறை ஓர் உயரத்தையோ ஓடுபாதை எண்ணையோ சொன்னால், விமானி அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் அதைக் கேட்டுச் சரிபார்ப்பார். புரியவில்லை என்றால் மறுபடி சொல்லச் சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் பிறந்து வளர்ந்த விமானிக்கும் இதே விதிதான். இதைப் படித்தபோது என் உடம்பில் ஒரு சுமை இறங்கிய மாதிரி இருந்தது. மறுபடி கேட்பதை நான் அறியாமையின் அடையாளம் என்று நினைத்திருந்தேன். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் அதைக் கடமையாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். என் வேலையும் உயிர் சம்பந்தப்பட்டதுதான். 15,000 பிளேட்லெட்டும் 50,000 பிளேட்லெட்டும் போனில் 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' என்றுதான் கேட்கும். டாக்டர் எடுக்கும் முடிவோ முற்றிலும் வேறு.

அன்று இரவே ஆறு வாக்கியங்களை எழுதினேன்.

'குட் யூ சே தட் அகெய்ன், ப்ளீஸ்?'
'ப்ளீஸ் ஸ்பீக் அ லிட்டில் ஸ்லோலி.'
'டூ யூ மீன்...?'
'ஹவ் டூ யூ ஸ்பெல் தட்?'
'லெட் மீ ரிப்பீட் தட்.'
'ஐ வில் செக் அண்ட் கால் யூ பேக்.'

எழுதிய சீட்டைப் போனுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். சுவர் பார்த்து, படுக்கையில் படுத்து, தலை துவட்டிக்கொண்டே இந்த ஆறையும் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். யோசிக்காமல் வாயில் வரும்வரை விடவில்லை. வேறு எதையும் விட இதற்கு அதிக நேரம் கொடுத்தேன், கொடுத்தது சரிதான் என்று இப்போதும் நினைக்கிறேன். தடுக்காமல் பேசுகிறவர்களுக்குத்தான் தன்னம்பிக்கை இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தடுக்கி நின்றால் அடுத்து என்ன சொல்வது என்று தெரிந்திருந்தால் போதும், பயம் பாதியாகக் குறைகிறது. ஆறாவது வாக்கியம் கையில் இருந்தால் எந்த அழைப்பிலிருந்தும் மரியாதையாக வெளியே வரலாம். வெளியே வர வழி தெரிந்ததால்தான் உள்ளே போகத் துணிந்தேன்.

'தப்பானாலும் கவலைப்படாமல் பேசு' என்று ஊக்கப்படுத்துகிறவர்களிடம் எனக்கு ஒரு மாறுபாடு உண்டு. அவர்கள் நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். ஆனால் சில இடங்களில் தப்பானால் கவலைப்படத்தான் வேண்டும். எந்தத் தப்பு ஆளை மாற்றும், எண்ணை மாற்றும், நேரத்தை மாற்றும் என்று பாருங்கள். அதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்யுங்கள். மற்ற தப்புகளை வரும்போது வரட்டும் என்று விடலாம். 'ஷி வொர்க்ஸ்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'ஷி வொர்க்' என்று எனக்கு இன்றைக்கும் வருகிறது. இரண்டாம் மொழியாக ஆங்கிலம் கற்பவர்களை 1970களில் ஆராய்ந்தவர்கள், வினையோடு ஒட்டும் 'இங்' சீக்கிரம் பிடிபடுவதையும் இந்த 'எஸ்' மிகவும் தாமதமாக வருவதையும் பல தாய்மொழிக்காரர்களிடம் கண்டிருக்கிறார்கள். விதி முதல் நாளே தெரிந்துவிடும், வாய்க்கு வர வருஷங்கள் ஆகும். அதுவரை அதற்காக வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

பேசிப் பழக ஆள் வேண்டும். சாம்பிள் எடுக்கும் பிரிவில் என் வயதுத் தோழி ஒருத்தி இருந்தாள். அவளுக்கும் என் அளவு ஆங்கிலம்தான். தன்னைவிட நன்றாகப் பேசுபவரோடுதான் பழக வேண்டும் என்பார்கள். ஆரம்பத்தில் எனக்கு அது ஒத்துவரவில்லை. நன்றாகப் பேசுபவர் நான் தடுக்கும் இடத்தில் சொல்லை எடுத்துக் கொடுத்துவிடுவார், என் வாக்கியம் அவர் வாக்கியமாகிவிடும். தோழியோடு தினமும் பத்து நிமிடம் பேசினேன். நடுவில் திருத்தக் கூடாது, முடிந்த பிறகு ஆளுக்கு ஒரே ஒரு பிழை மட்டும் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டோம். ஒன்று என்றால் நினைவில் நிற்கிறது. பத்துப் பிழையைச் சொன்னால் மறுநாள் பேசவே பிடிக்காது. வீட்டில் ஒருவர் என் ஒவ்வொரு வாக்கியத்தையும் இடைமறித்துத் திருத்திக்கொண்டிருந்தார். "நான் பேசி முடிச்ச பிறகு சொல்லுங்க" என்று பணிவாகவே கேட்டேன். அதைக் கேட்கவே எனக்கு மூன்று மாதம் ஆனது. நீங்கள் சீக்கிரம் கேட்டுவிடுங்கள்.

கேட்பதற்கு, மெதுவான ஆங்கிலச் செய்திகள். அமெரிக்காவின் குரல் வானொலி 1959இல் தொடங்கிய 'ஸ்பெஷல் இங்கிலிஷ்' முறையில், ஏறக்குறைய 1,500 சொற்களுக்குள், வழக்கமான வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் வாசித்துவந்தார்கள். அப்படிப்பட்ட ஒலிப்பதிவு ஒன்றை எடுத்து, இரண்டு நிமிடப் பகுதியை ஐந்து தடவை கேட்பேன். மூன்றாவது தடவைக்குப் பிறகுதான் எழுத்து வடிவத்தைப் பார்ப்பேன். ஐந்து புதிய பதிவுகளை ஒவ்வொரு தடவை கேட்டபோது ஐந்திலும் தோற்ற மாதிரி இருந்தது. ஒன்றையே ஐந்து தடவை கேட்டால் கடைசித் தடவை ஜெயித்த மாதிரி இருக்கிறது.

படிப்பதற்கு என் துறைக் கட்டுரைகளையே எடுத்தேன். விஷயம் தெரியும், மொழிதான் புதிது. தெரியாத விஷயத்தைத் தெரியாத மொழியில் படித்தால் எது புரியவில்லை என்றே கண்டுபிடிக்க முடியாது. தையல் தெரிந்தவர் தையலைப் பற்றிப் படிக்கலாம், வண்டி பழுது பார்ப்பவர் இன்ஜினைப் பற்றிப் படிக்கலாம். சொல் மனப்பாடத்துக்கு அட்டைகளும் ஒரு பெட்டியும்: நினைவு வந்த அட்டை பின்னால் போகும், மறந்த அட்டை முன்னால் வரும். ஜெர்மன் மொழியில் எழுதிய செபாஸ்டியன் லைட்னர் 1970களில் பரப்பிய முறை அது. நன்றாக வேலை செய்கிறது, அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

ஆறாவது மாதம் மோசமாக இருந்தது. கேட்கும் திறன் வளர்ந்துவிட்டதால் மற்றவர்களின் ஆங்கிலத்துக்கும் என்னுடையதற்கும் உள்ள தூரம் துல்லியமாகத் தெரிய ஆரம்பித்தது. முன்பு தெரியாத பிழைகள் எல்லாம் வாயை விட்டு வெளியே வந்த மறுநொடியே காதில் குத்தின. பின்னோக்கிப் போகிறேன் என்றே நம்பினேன். நான்கு நாள் நோட்டைத் தொடவில்லை. அப்போது என்னை மீட்டது என் பழைய குரல். முதல் மாதத்திலிருந்தே, ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு, 'இந்த மாதம் நடந்தது' என்று இரண்டு நிமிடம் போனில் பேசிப் பதிவு செய்து தேதி போட்டு வைத்திருந்தேன். கேட்டதில்லை. ஐந்தாம் நாள் முதல் பதிவையும் ஆறாவது பதிவையும் அடுத்தடுத்துப் போட்டேன். முதலாவதில் 9 வாக்கியம், மிச்சமெல்லாம் மௌனம். ஆறாவதில் 17 வாக்கியம், நிறையப் பிழைகள், ஆனால் ஓர் இடத்தில் நின்று 'நோ, ஐ மீன்' என்று நானே திருத்திக்கொண்டு மேலே போயிருந்தேன். அந்த மூன்று சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். முதல் பதிவில் பேசிய பெண் அந்த இடத்தில் பதிவையே நிறுத்தியிருப்பாள். நீங்கள் இப்போதுதான் ஆரம்பிக்கிறீர்கள் என்றால், வேறு எதைச் செய்யாவிட்டாலும் இன்றைக்கு இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்து வையுங்கள். பின்னால் எத்தனை ஆசைப்பட்டாலும் இன்றைய குரலைப் பதிவு செய்ய முடியாது.

வயது போய்விட்டதே என்று தோன்றும்போது ஜோசப் கான்ராடை நினைத்துக்கொள்வேன். 1857இல் போலந்துக் குடும்பத்தில் பிறந்தவர். இருபது வயதுக்குப் பிறகு கப்பல் வேலைக்குப் போன இடத்தில்தான் ஆங்கிலம் கற்றார். அந்த மொழியின் பெரிய நாவலாசிரியர்களில் ஒருவராகவும் ஆனார். பேசும்போது போலந்துச் சாயல் அவருக்குக் கடைசிவரை போகவில்லை என்று அவரோடு பழகியவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

போன மாதம் ஓர் இரவு, நான் பணியில் இருந்தபோது ஓர் அழைப்பு வந்தது. பேசியவருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை என்பது இரண்டாவது வாக்கியத்திலேயே தெரிந்தது. பிளேட்லெட் எண்ணைச் சொன்னேன். மறுமுனையில் ஒரு சின்ன மௌனம். அந்த மௌனம் எனக்கு நன்றாகத் தெரிந்த மௌனம். பிறகு அவர் தயங்கித் தயங்கி, "சாரி, ஃபிஃப்டீன் ஆர் ஃபிஃப்டி?" என்றார். "ஒன் ஃபைவ். ஒன், ஃபைவ், தௌசண்ட். ப்ளீஸ் ரிப்பீட்" என்றேன். அவர் திருப்பிச் சொன்னார். பதிவேட்டில் நேரம், எண், திருப்பிச் சொல்லப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இன்னும் வராதது நிறைய இருக்கிறது. கூட்டத்தில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எனக்கு இரண்டும் போய்விடுகிறது. போன வாரம் அப்படி ஒரு கூட்டத்தில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் நிறுத்தி, 'ஒன் அட் அ டைம், ப்ளீஸ்' என்று சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. சீட்டில் ஏழாவது வாக்கியமாக அதைச் சேர்த்திருக்கிறேன். வரும் ஞாயிறு 29ஆவது பதிவு. அந்தக் கூட்டத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.